சித்திரை வெயிலில் பட்டைச் சுருள் பன்

ஸ்வீடன் நாட்டில் ‘கனேல்புல்லே’ என்றொரு இனிப்பு பன் உண்டு. அவர்கள் மொழியில் ‘கனேல்’ என்றால் பட்டை, ‘புல்லே’ என்றால் பன். கொரகொரப்பாக இடித்த ஏலக்காய் சேர்த்துப் பிசைந்த மாவை விரித்து, அதன்மேல் வெண்ணெயும் சர்க்கரையும் பட்டைத்தூளும் குழைத்துத் தடவி, சுருட்டியோ முடிச்சாக முறுக்கியோ சுட்டெடுப்பார்கள். 1999ஆம் ஆண்டிலிருந்து அக்டோபர் 4ஆம் தேதியை இந்தப் பன்னுக்கான நாளாகவே அங்கே கொண்டாடி வருகிறார்கள். அவர்கள் இதைக் காபி இடைவேளைக்கு உரியதாக வைத்திருக்கிறார்கள். நான் ஞாயிற்றுக்கிழமைக் காலைச் சிற்றுண்டியாக, சுடச்சுட, ஃபில்டர் காபியோடு வீட்டார் முன் வைக்க விரும்பினேன். ஏலக்காய்ச் சந்தையான போடிநாயக்கனூருக்கும் பட்டை விளையும் இலங்கையின் தென்மேற்குக் கரைக்கும் நடுவில் வாழ்ந்துகொண்டு, இந்த இரண்டு மணங்களையும் குழம்புக்கும் பாயசத்துக்கும் மட்டும் ஒதுக்கி வைத்திருக்கிறோமே என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக இருந்தது. அந்த எண்ணத்தைச் செயலாக்க நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. மதுரையில் சித்திரை மாதத்தில், மின்விசிறி ஓடியும் 34 டிகிரிக்குக் கீழே இறங்காத ஒரு சமையலறையில் நடந்த வேலை இது. இந்தப் பதிவில் நான் சொல்லப்போவது பெரும்பாலும் அந்த 34 டிகிரியைப் பற்றித்தான்.

முதல் ஞாயிறு ஸ்வீடன் முறையை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினேன். அங்குள்ள வீட்டுச் சமையல் குறிப்புகளில் பாலை ‘விரல் சூடு’ வரும்வரை சூடாக்கச் சொல்வார்கள். அதாவது 37 டிகிரி. அந்தப் பாலில் ஈஸ்டைக் கரைத்து, மைதா, சர்க்கரை, வெண்ணெய், ஏலக்காய் சேர்த்துப் பிசைய வேண்டும். பட்டை மணம் கூடுதலாக இருக்கட்டுமே என்று நான் மாவிலேயே ஒரு தேக்கரண்டி பட்டைத்தூளையும் சேர்த்தேன். பிசைந்து முடிக்கும்போது மாவு கைக்கு இதமான சூட்டோடு இருந்தது. அந்தச் சூட்டை நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொண்டேன். ஆனால் பத்து நிமிடத்தில் மாவின் மேற்பரப்பு எண்ணெய் பூசியதுபோல் பளபளக்கத் தொடங்கியது. விரித்தபோது பலகையெங்கும் வெண்ணெய் பரவியது. சுருட்டினால் சுருள் நிற்கவில்லை. 225 டிகிரியில் பத்து நிமிடம் சுட வேண்டும் என்ற குறிப்பை நம்பி ஓ.டி.ஜி. என்னும் சிறிய மின்சார அடுப்பில் வைத்தேன். மேல் கம்பிக்கு அருகில் இருந்த பன்களின் உச்சி ஆறாவது நிமிடத்திலேயே கருகியது. உள்ளே மாவு வேகாமல் பிசுபிசுத்தது. வெந்த பகுதியிலும் துளைகள் பெரிதும் சிறிதுமாக, கள்ளின் நெடி போன்ற ஒரு வாடையோடு இருந்தன. வீட்டில் யாரும் குறை சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு விள்ளல் எடுத்துக்கொண்டு, பிறகு இட்லிக்கு மாவு இருக்கிறதா என்று கேட்டார்கள்.

அந்த வாரம் முழுவதும் இதையே யோசித்தேன். குறிப்பில் தவறு இல்லை என்பது மெல்லத்தான் புரிந்தது. அது 20 டிகிரி உள்ள சமையலறைக்காக எழுதப்பட்ட குறிப்பு. குளிர்ந்த மைதாவும் குளிர்ந்த கிண்ணமும் பாலின் சூட்டை வாங்கிக்கொள்ளும் என்று தெரிந்துதான் 37 டிகிரி என்று எழுதியிருக்கிறார்கள். பிசைந்து முடித்த மாவு அங்கே 26, 27 டிகிரியில் வந்து நிற்கும். என் வீட்டில் மைதாவே 33 டிகிரியில் இருந்தது. அதில் 37 டிகிரிப் பாலை ஊற்றினால் மாவு 36 டிகிரியை எட்டிவிடும். வெண்ணெய் உருகத் தொடங்குவது 32 முதல் 35 டிகிரிக்குள் என்பதால், பிசையும்போதே அது மாவை விட்டுப் பிரிந்துவிட்டது. ஈஸ்டும் அந்தச் சூட்டில் அவசர அவசரமாக வேலை செய்து, மணம் கூடுவதற்குத் தேவையான நேரத்தைக் கொடுக்காமல் மாவை ஊதிவிட்டது. நமக்கு இது புதிய அனுபவமும் இல்லை. கோடையில் இட்லி மாவு நான்கைந்து மணி நேரத்தில் பொங்கி வழியும் என்பதும், மார்கழியில் அதே மாவைப் போர்வை சுற்றி வைக்க வேண்டும் என்பதும் எல்லா வீட்டுக்கும் தெரிந்த விஷயம். பன் என்றதும் அந்த அறிவைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு, அச்சடித்த எண்ணை நம்பியதே என் பிழை.

ஆகவே இரண்டு வெப்பமானிகள் வாங்கினேன். ஒன்று மாவுக்குள் குத்திப் பார்ப்பதற்கு, மற்றொன்று அடுப்புக்குள் வைப்பதற்கு. இந்த வேலையில் நான் செய்த செலவுகளிலேயே பயன் மிகுந்தது இதுதான். அடுப்பின் திருகு குமிழ் 180 என்று காட்டியபோது உள்ளே நடுத்தட்டில் 205 டிகிரி இருந்தது. 225 என்று வைத்த அன்று மேல் கம்பிக்கு அடியில் எவ்வளவு இருந்திருக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால் கருகியதில் வியப்பில்லை. ஸ்வீடனில் ஒவ்வொரு பன்னையும் தனித்தனிக் காகிதக் கிண்ணத்தில் வைத்து உயர்ந்த சூட்டில் விரைவாகச் சுடுகிறார்கள். அதற்குச் சீரான சூடு தரும் பெரிய அடுப்பு வேண்டும். வீட்டிலுள்ள சிறிய அடுப்பில், 23 சென்டிமீட்டர் சதுரத் தட்டில் ஒன்பது சுருள்களை ஒட்டினாற்போல் அடுக்கி, உண்மையான 180 டிகிரியில் 25 நிமிடம் சுடும் முறைதான் ஒத்துவரும் என்று முடிவு செய்தேன். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வேகும் பன்களின் பக்கங்கள் காய்ந்து போகாமல் பஞ்சுபோல் இருக்கும் என்பதும் எனக்குப் பிடித்திருந்தது.

மாவின் சூட்டைக் கட்டுப்படுத்த, ரொட்டி சுடுபவர்கள் பயன்படுத்தும் எளிய கணக்கு ஒன்று உண்டு. பிசைந்து முடித்த மாவு எத்தனை டிகிரியில் இருக்க வேண்டும் என்று விரும்புகிறோமோ அந்த எண்ணை மூன்றால் பெருக்க வேண்டும். அதிலிருந்து மைதாவின் சூடு, அறையின் சூடு, பிசைவதால் உண்டாகும் சூடு ஆகிய மூன்றையும் கழித்தால் கிடைப்பதே பாலின் சூடு. எனக்கு வேண்டியது 26 டிகிரி. மூன்று மடங்கு 78. மைதா 33, அறை 34, கையால் பிசைவதற்கு 2 என்று கூட்டினால் 69. மீதி 9. அதாவது பால் 9 டிகிரியில் இருக்க வேண்டும். விரல் சூட்டுக்குக் காய்ச்சச் சொன்ன பாலை நான் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே ஊற்ற வேண்டியிருந்தது. உடனடி ஈஸ்ட் குளிர்ந்த பாலில் நேரடியாக விழுந்தால் சற்றுச் சோர்ந்துபோகும் என்பதால் அதை மைதாவிலேயே கலந்துவிடுகிறேன். மைதாவின் சூடு அதற்குப் போதும்.

இரண்டாவது ஞாயிற்றுக்கான மாவில் மற்றொரு மாற்றமும் செய்தேன். கடையில் கிடைக்கும் மைதாவில் புரதம் பெரும்பாலும் 10 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. மேல்நாட்டு ரொட்டி மாவில் அது 12 விழுக்காட்டுக்கும் மேல். புரதம் குறைந்த மாவு நீரைக் குறைவாகவே ஏற்கும். ஆனால் பன் மறுநாளும் மென்மையாக இருக்க நீர் கூடுதலாக வேண்டும். கிழக்காசிய நாட்டு ரொட்டிக்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மாவில் சிறு பங்கை ஐந்து மடங்கு பாலில் கரைத்துக் கூழாகக் காய்ச்சினால், 65 டிகிரியை ஒட்டி மாவுச்சத்து வெந்து, நீரைத் தன்னுள் பிடித்துக்கொள்ளும். கேழ்வரகுக் கூழ் காய்ச்சும் கைக்கு இது கடினமே இல்லை. 20 கிராம் மைதாவை 100 மில்லி பாலில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறி, கரண்டி இழுத்த தடம் நிற்கும் பதத்தில் இறக்கி, ஒரு தட்டில் பரப்பி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன். இந்தக் கூழும் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். சூடாகச் சேர்த்தால் பாலில் போட்ட கணக்கு அத்தனையும் வீணாகிவிடும்.

மீதி அளவுகளையும் சொல்லிவிடுகிறேன். 300 கிராம் மைதா, 45 கிராம் சர்க்கரை, 5 கிராம் உப்பு, 4 கிராம் உடனடி ஈஸ்ட், கொரகொரப்பாக இடித்த ஏலக்காய் விதை 3 கிராம், ஒரு முட்டை, 80 மில்லி குளிர்ந்த பால், உப்பில்லாத வெண்ணெய் 50 கிராம். உப்பிட்ட வெண்ணெய்தான் கையில் இருக்கிறதென்றால் உப்பைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். வெண்ணெய் தவிர மற்றவற்றையெல்லாம் கூழோடு சேர்த்துப் பத்து நிமிடம் பிசைந்த பிறகே வெண்ணெயைச் சிறு துண்டுகளாகச் சேர்க்க வேண்டும். முதலிலேயே சேர்த்தால் கொழுப்பு மாவின் புரதத்தைச் சுற்றிக்கொண்டு, இழைகள் ஒன்றோடொன்று பிணைவதைத் தடுக்கும். வெண்ணெய் சேர்ந்ததும் மாவு குழகுழவென்று பிரிந்து, எல்லாம் கெட்டுவிட்டதோ என்று தோன்றும். பயந்துபோய் மைதாவைத் தூவக் கூடாது. விடாமல் ஏழெட்டு நிமிடம் பிசைந்தால் மாவு மீண்டும் ஒன்றுகூடி, பலகையை விட்டுச் சுத்தமாக எழுந்து வரும். சிறு உருண்டையைக் கிள்ளி இரண்டு கை விரல்களாலும் இழுத்து விரித்தால், கிழியாமல், அப்பால் இருக்கும் வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெல்லிய சவ்வாக வர வேண்டும். மதுரைக்காரர்களுக்கு இந்தப் பதத்தை விளக்கத் தேவையில்லை. பரோட்டாக் கடை வாசலில் நின்று, மாவு வீச்சில் துணிபோல் விரிவதைப் பார்த்தவர்களுக்குக் கண்ணே சொல்லிவிடும். பரோட்டா மாவு எண்ணெயில் ஊறி, இழுத்த இழுப்புக்கெல்லாம் போய்விடும். பன் மாவோ இழுத்த பிறகு சற்றே திரும்பிச் சுருங்க வேண்டும். அந்த ஒரு வேறுபாட்டை மட்டும் மனத்தில் கொண்டால் போதும்.

அன்று பிசைந்து முடித்ததும் வெப்பமானி 27 டிகிரி காட்டியது. மாவு ஏறத்தாழ ஐம்பது நிமிடத்தில் இரண்டு மடங்கானது. வெண்ணெய் கசியவில்லை, பன் வெந்ததும் விள்ளினால் நூல் நூலாகப் பிரிந்தது. அந்தக் காட்சிக்காகவே முதல் வாரத்தின் இழப்பை மறந்துவிட்டேன். ஆயினும் மூன்று குறைகள் மிஞ்சின. ஒன்று, பூரணத்தில் சேர்த்த நாட்டுச்சர்க்கரை உருகி, தட்டின் அடியில் பாகாக இறங்கி, கடலைமிட்டாய்போல் இறுகிவிட்டது. இரண்டாவது குறையை அம்மா ஒரே வரியில் சொன்னார்: “பன்னு நல்லா மெத்துனு இருக்குப்பா. ஆனா வாயில வச்சா பிரியாணி வாசம்ல வருது.” மூன்றாவது, காலை ஆறு மணிக்குத் தொடங்கிய வேலை முடிந்து பன் மேசைக்கு வந்தபோது மணி பதினொன்று. அதைக் காலைச் சிற்றுண்டி என்று சொல்ல முடியாது.

அம்மா சொன்னதில் ஒரு துல்லியம் இருந்தது. நம் மளிகைக் கடைகளில் பட்டை என்று கேட்டால் பெரும்பாலும் தருவது காசியா என்ற வகை. தடித்த, ஒற்றை அடுக்கான, கையால் எளிதில் ஒடியாத பட்டை. காரமும் வீரியமும் மிக்க அது இறைச்சிக்கும் மசாலாவுக்கும் பொருத்தமாக இருக்கிறது. இலங்கையில் விளையும் உண்மையான இலவங்கப்பட்டை வேறு மரத்தினது. மரத்தின் உட்பட்டையை மெல்லியதாக உரித்து, ஒன்றினுள் ஒன்றாகச் சுருட்டி உலர்த்துவதால் குறுக்குவெட்டில் புகையிலைச் சுருட்டுபோல் பல அடுக்குகள் தெரியும். விரலால் நசுக்கினாலே நொறுங்கும். அதன் மணத்தில் காரம் தணிந்து, இனிப்பும், மிக மெல்லிய எலுமிச்சை வாடையும் இருக்கும். 2022ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைப் பட்டைக்குப் புவிசார் குறியீடு வழங்கியிருக்கிறது. காசியாவில் கூமரின் என்ற பொருள் மிகுதியாக இருப்பதால் அதை அடிக்கடி அதிக அளவில் உண்பது ஈரலுக்கு நல்லதல்ல என்ற காரணமும் உண்டு. ஒரு சுற்றுக்கு 8 கிராம் பட்டைத்தூள் போடும் பண்டத்தைக் குழந்தைகளுக்கும் கொடுக்கிறோம் என்னும்போது அதை நான் பொருட்படுத்தினேன். கீழமாசி வீதியில் இரண்டு மூன்று கடைகள் ஏறி இறங்கி, ‘சுருள் பட்டை’ என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்கினேன். விலை கூடுதல்தான். வாங்கியதும் ஒரு குச்சியை ஒடித்து, அடுக்குகளைப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். தூளாக விற்பதை வாங்கினால் எந்தப் பட்டை என்று கண்டுபிடிக்க வழியில்லை. அதனால் குச்சியாக வாங்கி, ஒரு கரண்டி சர்க்கரையோடு மிக்ஸியின் சிறிய ஜாரில் அரைத்து, சல்லடையில் சலித்து அன்றன்றே பயன்படுத்துகிறேன்.

பட்டை விஷயத்தில் இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். முதல் ஞாயிறு நான் மாவிலேயே பட்டைத்தூளைக் கலந்தது தவறு. பட்டைக்கு மணம் தரும் பொருளே நுண்ணுயிர்களின் வளர்ச்சியைத் தடுக்கக்கூடியது, ஈஸ்டும் நுண்ணுயிர்தான். ஸ்வீடன் நாட்டவர் மாவில் ஏலக்காயையும் பூரணத்தில் பட்டையையும் வைத்திருக்கும் ஒழுங்கில் நாக்குக்கு மட்டுமல்லாமல் மாவுக்கும் நன்மை இருக்கிறது. ஏலக்காயைப் பொறுத்தவரை நான் சொல்ல வேண்டியது ஒன்றே. தோலோடு சர்க்கரை சேர்த்து மிக்ஸியில் அரைத்த பொடி இதற்கு ஆகாது. பிசுபிசுப்புள்ள கருப்பு விதைகளை மட்டும் எடுத்து, சிறிய இடிகல்லில் இட்டு, ரவைப் பதத்தில் நிறுத்திவிட வேண்டும். சூட்டில் பொடியின் மணம் மாவெங்கும் பரவி மங்கிவிடும். கொரகொரப்பான விதையோ பல்லில் படும்போது மட்டும் வெடித்து மணக்கும்.

பாகு இறங்கியதற்குக் காரணம் நாட்டுச்சர்க்கரையின் ஈரத்தை உறிஞ்சும் இயல்பு. மாவில் உள்ள நீரை அது இழுத்து இளகிவிடுகிறது. வெள்ளைச் சர்க்கரைக்கு மாறிவிடலாம். ஆனால் நாட்டுச்சர்க்கரையின் கரும்புவாசம் பட்டையோடு சேரும்போது வரும் நிறைவை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. 60 கிராம் வெண்ணெய், 90 கிராம் நாட்டுச்சர்க்கரை, 8 கிராம் பட்டைத்தூள், ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றோடு 10 கிராம் மைதாவையும் சேர்த்துப் பசையாகக் குழைத்தேன். உருகும் பாகை அந்த மைதா பிடித்து வைத்துக்கொள்கிறது. வெண்ணெயை உருக்கித் தடவி அதன்மேல் சர்க்கரை தூவும் பழக்கத்தையும் விட்டுவிட்டேன். தூவிய சர்க்கரை சுருட்டும்போதே ஓரங்களில் கொட்டுகிறது.

மூன்றாவது ஞாயிற்றுக்கு முன்னால் சனி இரவே சுருள்களைத் தட்டில் அடுக்கி, மூடி, ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் ஐந்தரை மணிக்கு எழுந்து சுட்டால் ஏழு மணிக்குச் சூடான பன் என்பது திட்டம். கதவைத் திறந்து பார்த்தபோது, உப்பி எழுந்து, பிறகு காற்றிறங்கிய பலூன்போல் நடுவில் குழிந்த ஒன்பது சுருள்கள் இருந்தன. சுட்டேன். தட்டையாக, சுருக்கம் விழுந்து, புளிப்பேறிய பன்கள் கிடைத்தன. என்ன நடந்தது என்பதை அடுத்த சனிக்கிழமை வெப்பமானியைச் செருகி வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். ஃபிரிட்ஜில் வைத்த உடனே மாவு குளிர்ந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். முதல் எழுச்சியின்போது 34 டிகிரி அறையில் இருந்த மாவு, விரித்துச் சுருட்டும் நேரத்தையும் சேர்த்து 31 டிகிரியை எட்டிவிட்டது. ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் ஒன்பது சுருள்களின் நடுப்பகுதி அந்த நிலையிலிருந்து 10 டிகிரிக்குக் கீழே இறங்க மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு நேரமும் ஈஸ்ட் உழைத்துக்கொண்டுதான் இருந்தது. குளிர்நாட்டுச் சமையலறையில் 22 டிகிரியில் உள்ள மாவுக்கு இந்தச் சிக்கல் வருவதில்லை.

நான்காவது வாரத்தில் இதற்கு இரண்டு தடுப்புகள் வைத்தேன். முதல் எழுச்சியை அறையில் முக்கால் பங்கோடு நிறுத்தி, மாவைத் தட்டையாக அமுக்கி நாற்பது நிமிடம் ஃபிரிட்ஜில் ஓய்வெடுக்க விட்டேன். உருண்டையாக வைத்தால் நடுவில் குளிர் சேராது. இரண்டு விரல் கனத்துக்குத் தட்டினால் விரைவில் சேரும். குளிர்ந்த மாவை விரிப்பது எவ்வளவு சுகம் என்பதையும் அன்றுதான் கண்டேன். பூரிக்கட்டைக்கு அது ஒட்டவில்லை. வெண்ணெய்ப் பூரணமும் இளகாமல் தடவிய இடத்தில் நின்றது. 40க்கு 30 சென்டிமீட்டர் அளவில் நீள்சதுரமாக விரித்து, பூரணத்தை ஓரம்வரை தடவி, நீளப் பக்கத்திலிருந்து இறுக்கமாகச் சுருட்டி, புதிய தையல் நூலைச் சுருளுக்கு அடியில் நுழைத்து, மேலே குறுக்காகப் பிடித்து இழுத்து ஒன்பது துண்டுகளாக அறுத்தேன். கத்தி சுருளை நசுக்கும், நூல் நசுக்காது. இரண்டாவது தடுப்பு, தட்டை முதலில் பதினைந்து நிமிடம் ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் பிறகு ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டுக்கு மாற்றியது. மேலே ஈரத்துணி போதாது, இரவில் உலர்ந்து தோல் கட்டும். பிளாஸ்டிக் உறையால் இறுக மூட வேண்டும்.

காலையில் சுருள்கள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும், உறுதியாக நின்றிருந்தன. வெளியே எடுத்து ஐம்பது நிமிடம் வைத்தேன். விரல் நுனியால் மெல்ல அழுத்தினால் பள்ளம் விழுந்து, மெதுவாக, முழுவதும் நிரம்பாமல் திரும்பி வந்தது. அடுப்பில் வைக்கச் சரியான நேரம் அதுவே. பால் தடவி, நடுத்தட்டுக்கு ஒரு படி கீழே வைத்து, பதினைந்தாவது நிமிடத்தில் மேலே அலுமினியத் தாளைக் கூடாரம்போல் மூடினேன். இருபத்து நான்காவது நிமிடத்தில் நடுச் சுருளின் உட்சூடு 90 டிகிரியைத் தொட்டதும் வெளியே எடுத்தேன். வீட்டில் அப்போது யாரும் எழுந்திருக்கவில்லை. அடுப்புக் கதவைத் திறந்த ஒரு நிமிடத்துக்குள் மகள் போர்வையைச் சுற்றிக்கொண்டு சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள். மணி ஆறு ஐம்பது.

மேலே தூவ ஸ்வீடனின் முத்துச் சர்க்கரை இங்கே எளிதில் கிடைப்பதில்லை. அதற்கு ஈடாக டைமண்ட் கற்கண்டை நொறுக்கித் தூவிப் பார்த்தேன். பார்வைக்கு அழகாக மின்னியது. ஆனால் முத்துச் சர்க்கரை அமுக்கிச் செய்ததாகையால் கடித்தால் உதிர்ந்துவிடும்; கற்கண்டு கெட்டிப் படிகம். அம்மாவின் பல்லுக்கு அது ஒத்துவரவில்லை. இப்போது இரண்டு கரண்டி நாட்டுச்சர்க்கரையை இரண்டு கரண்டி நீரில் கரைத்துக் கொதிக்கவிட்டு, பன்கள் சூடாக இருக்கும்போதே மேலே பூசிவிடுகிறேன். பாலாடைக்கட்டிப் பூச்சை அமெரிக்கர்கள் விரும்புகிறார்கள். ஏலத்தின் மணத்தை அது மூடிவிடும் என்பதால் அந்தப் பக்கம் நான் போகவில்லை.

முட்டை சேர்க்காதவர்களுக்காக ஒருமுறை 45 கிராம் கெட்டித் தயிரை ஊற்றிச் செய்தேன். நிறம் சற்று வெளிறியது, மென்மையில் குறை தெரியவில்லை. மிஞ்சும் பன்களைத் தயவுசெய்து ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம். வெந்த மாவுச்சத்து அந்தக் குளிரில்தான் மிக விரைவாக இறுகிக் காய்ந்த ரொட்டியாகிறது. ஒரு நாள் மூடிய டப்பாவில் வெளியே இருக்கலாம். அதற்கு மேல் என்றால் ஃப்ரீசர். உண்ணும் முன், இட்லிப் பாத்திரத்தில் துணி விரித்து மூன்று நிமிடம் ஆவியில் வைத்தால் அன்று சுட்டதுபோல் ஆகிவிடுகிறது. மைக்ரோவேவில் சூடாக்கியதைவிட இது எவ்வளவோ மேல். அதில் வைத்தது ஆறியதும் ரப்பர்போல் இழுக்கிறது.

எட்டு மாதம் கழித்து, மார்கழியில் ஒரு சனிக்கிழமை மாலை, பழகிய கையோடு அதே அளவுகளில், அதே ஃபிரிட்ஜ் பாலை ஊற்றிப் பிசைந்தேன். ஒன்றரை மணி நேரம் ஆகியும் மாவு அசையவில்லை. வெப்பமானி 20 டிகிரி காட்டியது. மறுபடியும் ஓர் எண்ணை நம்பி, அறையைப் பார்க்க மறந்திருந்தேன். இம்முறை அது நானே எழுதி வைத்த எண். அன்று மாவுப் பாத்திரத்தை, சாப்பாட்டுக்குச் சோறு வடித்த பானைக்கு அருகில் வைத்துக் காப்பாற்றினேன். பிறகு நோட்டை எடுத்துப் புதிதாகக் கணக்குப் போட்டேன். அறை 25, மைதா 24, பிசைவதற்கு 2, கூட்டினால் 51. எழுபத்தெட்டிலிருந்து கழித்தால் 27. பாலை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துச் சற்றே வெதுவெதுப்பாக்க வேண்டும், ஈஸ்ட் 5 கிராம் வேண்டும், முதல் எழுச்சிக்கு ஒன்றே கால் மணி நேரம் ஆகும், ஃப்ரீசர் தேவையில்லை. சித்திரைப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் இதை எழுதி, மேலே ‘மார்கழி’ என்று அடிக்கோடிட்டேன். மறுநாள் விடியற்காலையில், தெருவில் கோலம் போடும் நேரத்தில், தட்டு அடுப்பிலிருந்து வெளியே வந்தது. ஆடிக்கும் ஐப்பசிக்கும் இன்னும் பக்கங்கள் காலியாக இருக்கின்றன.